மேஸ்திரிக்குத் தண்ணீர்

முதலில் அந்தப் பிளாஸ்டிக் கிண்ணத்தை எடுத்துவிடச் சொல்லுங்கள், ஐயா. உங்கள் காவலர் நல்ல மனதோடுதான் வைத்திருக்கிறார், அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் பச்சோந்தி கிண்ணத்தில் தண்ணீர் குடிக்காது. அசையாத தண்ணீர் அதன் கண்ணுக்குத் தண்ணீராகவே படாது. இலையில் சொட்டு உருண்டு பளபளத்தால்தான் நாக்கை நீட்டும். கிண்ணம் நிறைய ஊற்றி வைத்துவிட்டு நாம் கடமை முடிந்தது என்று போய்விடுவோம். அது பக்கத்திலேயே உட்கார்ந்து வறண்டு போகும்.

கூண்டோடு ஒரு தெளிக்கிற பாட்டில் வந்திருக்கும். எங்கள் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடும்போது துணிக்குத் தெளிக்கிற பாட்டில்தான். காலையும் மாலையும் இலைகள் மேல் தெளிக்க வேண்டும். முகத்தில் அடிக்கக் கூடாது. முதலில் அது சும்மா நிற்கும். ஒரு கண் உங்களைப் பார்க்கும், இன்னொரு கண் சொட்டைப் பார்க்கும். உங்களால் தொந்தரவு இல்லை என்று நம்பிக்கை வந்த பிறகுதான் குடிக்க ஆரம்பிக்கும். கை வலித்தாலும் நிறுத்தாமல் தெளிக்க வேண்டும். அப்புறம், வாசலில் நிற்கிற பிள்ளைகள் போனை நீட்டிப் படம் எடுக்கிறார்களே, அதையும் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்கள். அது கறுத்துப்போயிருப்பது அதன் நிறம் இல்லை, பயம்.

நீங்கள் என்னை உட்காரவைத்திருப்பது அண்ணனைப் பற்றிக் கேட்கத்தான் என்று தெரியும். அதற்கும் வருகிறேன். இரண்டையும் பிரித்துச் சொல்ல எனக்கு வராது. இருவரையும் ஒரே அறையில் வைத்துப் பார்த்துக்கொண்டவள் நான்.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, எனக்கும் ஆகவில்லை. அம்மா போன பிறகு இருவரும் ஒரே வீட்டில் அப்படியே இருந்துவிட்டோம். அவர் கெட்டவர் இல்லை. குடி கிடையாது, கை நீட்டியது கிடையாது. வீட்டுக்கு வந்ததும் "பாப்பா" என்று ஒரு குரல் கொடுப்பார், அவ்வளவுதான். அந்த ஒரு குரலில் அவருக்கு வேண்டியது தண்ணீரா, துண்டா, சாப்பாடா என்று நான்தான் கண்டுபிடிக்க வேண்டும். என் தலை நரைத்த பிறகும் நான் பாப்பாதான்.

பச்சோந்தி ஓர் அடுக்குமாடி வீட்டிலிருந்து வந்தது. அங்கே குடியிருந்தவர் வெளிநாடு போகும்போது, லிஃப்டைப் பழுதுபார்க்கப் போன அண்ணனிடம் கூண்டோடு கொடுத்துவிட்டார். மேஸ்திரி என்று பெயர் வைத்தது அண்ணன்தான். கட்டட வேலை நடக்கிற இடத்தில் மேஸ்திரி எப்படி ஒரு கண்ணை இந்த ஆள்மேலும் இன்னொரு கண்ணை அந்த ஆள்மேலும் வைத்துக்கொண்டு, தான் மட்டும் ஒரு செங்கல்லைக்கூடத் தூக்காமல் நிற்பாரோ, அப்படித்தான் இதுவும் நிற்கும். சலவைக்கூடத்தில் என்னோடு துணி மடிக்கிறவள் தினமும் கேட்பாள், "என்னக்கா, உங்கண்ணன் கூட்டிட்டு வந்த அண்ணி எப்படி? அனுசரிச்சுப் போறாங்களா?" என்று. அது ஆண் என்று பிறகுதான் தெரிந்தது.

தான் சாப்பிட்ட தட்டைக்கூட எடுத்துக் கழுவாத மனிதர், அதற்காக ஆள் வைத்து வெட்டுக்கிளிக் குஞ்சு வாங்கிவருவார். அதன்மேல் மாவு பிசிறுகிற மாதிரி கால்சியம் பொடி தூவுவார். ஸ்டூல் போட்டு உட்கார்ந்து இலை இலையாகத் தண்ணீர் தெளிப்பார். "குடிச்சியாடா? நல்லாக் குடிச்சியா?" என்று அதனிடம் பேசுவார். எனக்குக் கொஞ்சம் வயிறெரிந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை.

பிறகு அவருக்குப் பக்கவாதம் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது இடது கையும் காலும் விளங்கவில்லை. அதைவிட விசித்திரமான ஒன்றும் இருந்தது. அவருக்கு இடப்பக்கம் என்ற ஒன்றே இல்லாமல் போயிருந்தது. கண் நன்றாகத்தான் இருக்கிறது, மூளைதான் அந்தப் பக்கத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்றார்கள். தட்டில் வலது பாதியைச் சாப்பிட்டுவிட்டு "இன்னும் கொஞ்சம் போடு பாப்பா" என்பார். இடது பாதி அப்படியே இருக்கும். தட்டைத் திருப்பி வைத்தால் "அட, எப்பப் போட்ட?" என்பார். ஒரு நாள் அவரே சிரித்துக்கொண்டு சொன்னார், "மேஸ்திரிக்கு ரெண்டு பக்கமும் தெரியுது. எனக்கு ஒரு பக்கம் லீவு."

கை கால் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வந்தாள். உங்களிடம் புகார் கொடுத்தவள்தான். பள்ளிக்கூடத்தில் டிரில் வாங்குவதுபோல் வாங்குவதால் அண்ணன் அவளை டீச்சர் என்றே கூப்பிடுவார். முதல் நாளே அவள் எனக்குத் தெளிவாகச் சொல்லிவிட்டாள்.

"அவருக்கு ஆசையா இருக்கிறதெல்லாம் இடது பக்கம் வைங்க. அதைப் பாக்கணும்னு தலையத் திருப்புவாரு, அதுதான் பயிற்சி. ஆனா தண்ணி, மருந்து, கூப்பிடுற மணி, இதெல்லாம் வலது பக்கம்தான் இருக்கணும். இதுல விளையாடக் கூடாது. புரியுதா?"

புரிந்தது. மேஸ்திரியின் கூண்டைக் கட்டிலுக்கு இடப்பக்கம் வைத்தோம். தண்ணீர் டம்ளரும் மணியும் வலப்பக்கத்து முக்காலியில் இருந்தன. அண்ணன் மேஸ்திரியைப் பார்ப்பதற்காகத் தலையைத் திருப்பக் கற்றுக்கொண்டார். துருப்பிடித்த கதவைத் திறப்பதுபோல் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புவார். அதைக் கண்டதும் முகம் மலர்ந்துவிடும். டீச்சர் கைதட்டுவாள்.

இப்போது என் வேலையைச் சொல்கிறேன். விடிந்ததும் சலவைக்கூடம் போவேன். விடுதிகளிலிருந்து வருகிற படுக்கை விரிப்புகள்தான் எங்களுக்கு வேலை. பிரிப்பது, கறை பார்ப்பது, இயந்திரத்தில் போடுவது, ஈரத்தோடு தூக்குவது. ஈர விரிப்பின் கனம் தூக்கியவர்களுக்குத்தான் தெரியும். மதியம் வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால் அந்த வாடை. அண்ணனின் விரிப்பு நனைந்திருக்கும். இடுப்பில் கட்டுகிற டயப்பர் அவருக்குப் புண்ணாக்கிவிட்டது, வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவரைப் புரட்டி, துடைத்து, ரப்பர் விரிப்பைக் கழுவி, துணி விரிப்பைத் துவைத்துப் போட்டு, வேறு விரித்து நிமிர்ந்தால் "பாப்பா" என்பார். போனால் மறுபடியும் நனைந்திருக்கும். அவர் அழுதுவிடுவார். "மன்னிச்சுக்கம்மா" என்பார். எனக்குக் கோபம் வரவில்லை, ஐயா. கோபம் வரக்கூடத் தெம்பு இல்லை. அசதி, அவ்வளவுதான். தூங்கி எழுந்தாலும் போகாத அசதி.

அந்த நாட்களில் நான் ஒன்றைக் கண்டுபிடித்தேன். அவருக்கு இடப்பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் நான் அங்கே இருப்பதே அவருக்குத் தெரியாது. வலப்பக்கம் பார்த்துக் கூப்பிட்டுவிட்டு, வெளியே போயிருக்கிறாள்போல என்று அமைதியாகிவிடுவார். அவர் கைக்கு எட்டுகிற தூரத்தில் உட்கார்ந்து நான் சாப்பிட்டிருக்கிறேன். அந்த வீட்டில் யாரும் என்னைக் கூப்பிடாத இடம் அது ஒன்றுதான்.

இதற்கிடையில் மேஸ்திரியை நான் சரியாகக் கவனிக்கவில்லை. கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றினேன், கிடைத்த பூச்சியைப் போட்டேன். நோய் வந்ததைக் கண்டுபிடித்தது அண்ணன்தான். கஷ்டப்பட்டுத் தலையைத் திருப்பி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார், "மேஸ்திரிக்குக் கண்ணு குழி விழுந்திருக்கு பாப்பா. கால் நடுங்குது. டாக்டர்கிட்ட கொண்டுபோ."

நாய்களுக்கும் பூனைகளுக்கும் நடுவில் துணி மூடிய கூடையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். கால்நடை டாக்டர் வயதானவர், சிடுசிடுப்பானவர். அதன் கீழ்த்தாடையை விரலால் மெதுவாக அழுத்தினார். ரப்பர் மாதிரி வளைந்தது. எலும்பில் சத்தே இல்லை என்றார்.

"கூண்டுல விளக்கு எரியுதேன்னு பாக்காதீங்கம்மா. வெளிச்சம் வரும், சத்து வராது. பல்ப வருஷத்துக்கு ரெண்டு தடவ மாத்தணும். பூச்சிக்கு மொதல்ல கீரை, காரட்டுனு தீனி போட்டு, அப்புறம் பொடி தூவி இதுக்குக் குடுக்கணும். பட்டினி கிடந்த பூச்சியத் தின்னா இதுக்கு என்ன ஒட்டும்? தண்ணி எப்படிக் குடுக்கிறீங்க?"

"கிண்ணத்துல வெச்சிருந்தேன் சார். தினமும் மாத்தி வெச்சேன்."

"நீங்க வெச்சீங்களான்னு கேக்கல. அது குடிச்சுதான்னு கேக்கறேன்."

அவர் மருந்து எழுதிக்கொண்டே இன்னும் பேசினார். இது நோயை வெளியே காட்டிக்கொள்ளாது, விழுகிற நாள் வரைக்கும் கிளையைப் பிடித்துக்கொண்டு நன்றாக இருப்பதுபோலவே நிற்கும் என்றார். கழிவில் வெள்ளையாக இருக்க வேண்டிய பகுதி மஞ்சளடித்தால் தண்ணீர் பற்றவில்லை என்று அர்த்தம். கண் உள்ளே போனாலும் அதே அர்த்தம். தேறும்வரை ஆள் நடமாட்டமில்லாத இடத்தில், கொஞ்சம் உயரத்தில் வைக்கச் சொன்னார். யாராவது முறைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தால் அதுவே அதற்கு நோய் என்றார். எல்லாவற்றையும் மனதில் வாங்கிக்கொண்டேன். எனக்கு ஒரு தடவை சொன்னால் போதும்.

டம்ளருக்கு வருகிறேன். முதல் தடவை நடந்தது உண்மையிலேயே மறதி. தரையைத் துடைப்பதற்காக முக்காலியைத் தூக்கி இடப்பக்கம் வைத்தவள், அப்படியே வேலைக்குப் போய்விட்டேன். மதியம் வந்து விரிப்பைத் தொட்டேன். காய்ந்திருந்தது. எனக்கு நம்பிக்கை வரவில்லை, உள்ளங்கையை முழுதாக வைத்துப் பார்த்தேன். காய்ந்துதான் இருந்தது. டம்ளர் நிரம்பியபடி மணியோடு அந்தப் பக்கம் இருந்தது. அண்ணன் உதட்டை நக்கிக்கொண்டு, "தண்ணி வெக்கலியா பாப்பா?" என்றார். "வெச்சிருக்கேனேண்ணா" என்று சொல்லிக் கொஞ்சம் குடிக்கவைத்தேன். அன்று மதியம் நான் தூங்கினேன். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு பகலில் தூங்கினேன். அந்தத் தூக்கம் எப்படி இருந்தது என்று உங்களுக்கு விளங்கவைக்க என்னால் முடியாது.

மறுநாள் காலையில் முக்காலி இன்னும் இடப்பக்கம்தான் இருந்தது. நான் பார்த்தேன். நகர்த்தவில்லை.

அவரைப் பட்டினி போட்டேன் என்று நினைக்காதீர்கள். நான் வீட்டில் இருக்கும்போது கஞ்சி கொடுத்தேன், மாத்திரைக்கு இரண்டு வாய் தண்ணீர் கொடுத்தேன். அவர் கேட்டால், "பக்கத்துலயே இருக்குண்ணா, பாரு" என்பேன். அவர் வலப்பக்கம் தேடுவார். இருக்காது. தன் மூளைதான் தன்னை ஏமாற்றுகிறது என்று டீச்சர் அவருக்குச் சொல்லித் தந்திருந்தாள் அல்லவா, அதனால் வெட்கப்பட்டுக்கொண்டு பேசாமல் இருந்துவிடுவார். ஒருமுறை "குடிச்சிட்டனோ என்னவோ" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

ஆனால் ஒரு நாள் மதியம் வந்தபோது டம்ளர் காலியாகக் கிடந்தது. விரிப்பு நனைந்திருந்தது. அண்ணன் குழந்தைபோல் சந்தோஷமாக இருந்தார். "மேஸ்திரியப் பாக்கலாம்னு திரும்பினேன் பாப்பா. முன்னாடி டம்ளர் நிக்குது. நானே எடுத்துக் குடிச்சேன். டீச்சர்கிட்ட சொல்லணும்" என்றார். வலது கையைக் குறுக்கே நீட்டி எப்படி எடுத்தார் என்று நடித்துக்கூடக் காட்டினார். "சமர்த்துண்ணா" என்றேன். அவரைப் புரட்டித் துடைத்தேன். விரிப்பைத் துவைத்தேன். பிறகு மேஸ்திரியின் கூண்டைத் தூக்கிக்கொண்டு போய்ப் பின் அறையில், அலமாரி மேல் வைத்தேன்.

"ஏன் பாப்பா?" என்றார்.

"டாக்டர் சொன்னாருண்ணா. ஆள் பாத்துட்டே இருந்தா அதுக்கு ஆகாதாம். தேறட்டும், கொண்டாந்து வெக்கறேன்."

அதன் நல்லதற்கு என்றதும் அவர் மறுபேச்சுப் பேசவில்லை. "அப்படின்னா அங்கயே இருக்கட்டும்" என்றார். அதற்குப் பிறகு இடப்பக்கம் திரும்புவதற்கு அவருக்கு ஒரு காரணமும் இல்லாமல் போயிற்று. அவர் திரும்பவில்லை.

வெயில் ஏறிய வாரங்கள் அவை. கூரை கொதித்தது. அவர் அதிகம் தூங்க ஆரம்பித்தார், பேச்சு குழறியது, கண் குழி விழுந்தது. அந்தக் குழி என்னவென்று எனக்குத் தெரியும். வெகுநாள் கழித்து வந்த டீச்சர் அவர் கைத்தோலைக் கிள்ளிப் பார்த்தாள். கிள்ளிய இடம் மடிப்பாகவே நின்றது. முக்காலியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அதைத் தூக்கி வலப்பக்கம் வைத்து, டம்ளரை அவர் கையில் கொடுத்தாள். அண்ணன் மூச்சு விடாமல் முழுவதையும் குடித்தார். மோவாயில் வழிந்ததையும் விரலால் துடைத்து நக்கினார். "அக்கா, இந்தப் பக்கம்னு சொன்னேன்ல?" என்றாள். "மறந்துட்டேன்மா" என்றேன். இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள் என்றாள். சரி என்றேன். அவள் படி இறங்குகிற சத்தம் கேட்டு முடிந்ததும் முக்காலியை மறுபடியும் இடப்பக்கம் வைத்தேன்.

மறதியா என்று நீங்கள் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில், ஐயா. அது மறதி இல்லை. எங்கே வைத்தால் அவர் கண்ணில் படாதோ அங்கே வைத்தேன். மணியையும் அங்கேயே வைத்தேன். எப்போதாவது கண்ணில் பட்டுவிடக் கூடாது என்றுதான் கூண்டையும் எடுத்தேன். ஆனால் இதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த டம்ளரை நான் ஒரு நாள்கூடக் காலியாக வைத்துவிட்டுப் போனதில்லை. தினமும் பழைய தண்ணீரைக் கொட்டி, கழுவி, காய்ச்சி ஆறிய தண்ணீர்தான் ஊற்றி வைத்தேன். தூசி விழாமல் மேலே ஒரு தட்டும் போட்டு மூடினேன்.

கடைசி நாள் நான் வேலைக்குப் போகவில்லை. பின் அறையில் ஸ்டூல் போட்டு ஏறி நின்று மேஸ்திரிக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன். தாடை இறுகியிருந்தது, கண் நன்றாக உருண்டு வெளியே வந்திருந்தது. இளம்பச்சையாக இருந்தது. அதற்கு அவசரமே கிடையாது. நானும் அவசரப்படவில்லை. நின்று நின்று ஒவ்வொரு இலையாகத் தெளித்தேன், அதுவும் சொட்டுச் சொட்டாகக் குடித்துக்கொண்டே இருந்தது. தெளிக்கிற சத்தம் முன்னறைக்குக் கேட்டிருக்க வேண்டும்.

"பாப்பா" என்றார். குரல் காகிதம்போல் இருந்தது. இறங்கிப் போய் அவருடைய வலப்பக்கம் நின்றேன். பாட்டில் என் கையில்தான் இருந்தது. அவர் அதைப் பார்த்தார். கேட்பார் என்று நினைத்தேன். கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன்.

"மேஸ்திரிக்குத் தண்ணி குடுத்துட்டியா?" என்றார்.

"குடுத்துட்டேண்ணா."

"நல்லாக் குடிச்சானா?"

"குடிச்சான்."

"சரி" என்று கண்ணை மூடிக்கொண்டார். முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது, நான் பார்த்தேன். கடைசிவரைக்கும் அவருக்கு ஒரு குறையும் வைக்கவில்லை என்று எனக்கு அப்போது தோன்றியது. விரிப்பைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது. நானும் போய்ப் படுத்துக்கொண்டேன்.